கிண்ணமா, அல்ட்ராசோனிக்கா? எந்தக் காற்றுமானி சரி

காற்றின் வேகத்தை அளக்க எதை வாங்குவது என்று தடுமாறுபவர்களுக்காக இது.

விலை: கிண்ண வகை மலிவு. அல்ட்ராசோனிக் பல மடங்கு.

வேலை செய்யும் விதம்: கிண்ணக் காற்றுமானியை 1846-ல் அயர்லாந்தின் ராபின்சன் உருவாக்கினார். அவருடையதில் நான்கு கிண்ணங்கள், இன்று பெரும்பாலும் மூன்று. காற்றுப் பட்டால் கிண்ணங்கள் சுழலும், அந்தச் சுற்றுகளை எண்ணினால் வேகம் தெரியும். அல்ட்ராசோனிக்கில் எதுவும் சுழலாது. எதிரெதிர் உணரிகளுக்கிடையே காதுக்குக் கேட்காத ஒலி (அல்ட்ராசோனிக்) பாயும். காற்றோடு போகும் ஒலி முந்தும், எதிர்த்து வருவது பிந்தும். அந்த நேர வித்தியாசத்தில் வேகம் கிடைக்கிறது.

துல்லியம்: இங்கேதான் கவனம் தேவை. வீச்சு கூடினால் கிண்ணம் சட்டென வேகமெடுக்கும். தணிந்தால் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதனால் கொந்தளிப்பான காற்றில் சராசரி சற்றுக் கூடுதலாகவே வரும். அல்ட்ராசோனிக்கில் இந்தத் தொல்லை இல்லை, திசையும் சேர்ந்தே கிடைக்கும்.

பராமரிப்பு: கிண்ணத்தில் பேரிங் தேயும், கடலோர உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். அப்புறம் மெல்லிய காற்றில் அது அசையவே அசையாது. அல்ட்ராசோனிக்கில் தேய்மானம் இல்லை. ஆனால் உணரி முகத்தில் மழைத்துளி நின்றால் அளவு பிசகும், மின்சாரமும் விடாமல் வேண்டும்.

பள்ளிக்கும் தோட்டத்துக்கும் கிண்ணம் தாராளமாகப் போதும். காற்றாலைக்கு இடம் பார்ப்பவர்களும் தரமான கிண்ணத்தையே இன்னும் நம்புகிறார்கள். கொந்தளிப்பை ஆராய்பவர்கள் யோசிக்காமல் அல்ட்ராசோனிக் வாங்கலாம். எதுவானாலும் திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில் வையுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தால் எந்தக் கருவியும் சரியாகச் சொல்லாது.