கூரையில் பீரங்கி ஏற்ற எந்த பொம்மைக் கார் தோது?

பொம்மைக் கார்களில் ஆயுதம் ஒட்டி மோதவிடும் கேஸ்லேண்ட்ஸ் போன்ற மேசைப் போர் ஆட்டங்களுக்கு மூன்று அங்குல நீளம்கூட இல்லாத, சுமாராக 1:64 அளவுள்ள (நிஜ வண்டியில் 64-இல் ஒரு பங்கு) பொம்மைக் கார்கள் போதும். ஆனால் எல்லாக் காரும் ஆயுதம் தாங்காது.

ஹாட் வீல்ஸ் எங்கும் கிடைக்கும், மேலுடல் பெரும்பாலும் உலோகம். குறை, அளவு விகிதத்தில்தான். அட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக லாரியையும் குட்டிக் காரையும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வார்த்திருப்பார்கள். பக்கத்தில் வைத்தால் காட்சி கெடும். கற்பனை மாடல்களின் வளைந்த கூரையில் துப்பாக்கி உட்காராது. மேட்ச்பாக்ஸில் ஜீப், பிக்கப், ஆம்புலன்ஸ் என்று நிஜ வண்டிகள் அதிகம், தட்டையான இடமும் உண்டு. முதல் வண்டிக்கு இதுவே என் தேர்வு. மேஜரெட் அழகு, ஆனால் ஸ்பிரிங் இருப்பதால் கவசத்தின் எடையில் உடல் அமிழ்ந்து, தகடு டயரில் உரசும். அச்சுக்கு மேலே பிளாஸ்டிக் துண்டு செருகி ஒட்டினால் சரியாகும்.

பின்னால் இழுத்து விடும் மலிவுப் பிளாஸ்டிக் கார் பிளேடால் சுலபமாக வெட்டுப்படும், அவ்வளவுதான். பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் என்றால் சூப்பர் க்ளூ பெயர்ந்துவிடும், பெயின்ட் உரியும். துளையிட்டுக் கம்பியால் கட்ட வேண்டிவரும்.

உலோகக் காரைப் பிரிக்க, மேலுடலையும் அடித்தட்டையும் பிணைக்கும், அடியிலுள்ள ரிவெட்டின் நடுவில் ஆணியால் குழி தட்டி, 3 மி.மீ. டிரில் பிட், பிறகு 5 மி.மீ. பிட் போடுங்கள், மெதுவாக. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். தலை கழன்றதும் நிறுத்துங்கள். ஆழமாகப் போனால் மறுபடி பூட்டும்போது திருகு பிடிக்கத் தூணே மிஞ்சாது. பழைய பெயின்டை எடுக்க அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் ஜன்னலில் பட்டால் வெளுத்து விரிசல் விடும். பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காத துத்தநாகக் கலவை உடலில் விளிம்புப் பெயின்ட் முதலில் போகும்.

குழலுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியா, கம்பியா? குச்சியின் 2.5 மி.மீ. தடிமன் 64 மடங்கில் 16 செ.மீ., அது பீரங்கி. இயந்திரத் துப்பாக்கிக்கு 1 மி.மீ. கம்பிதான் பொருந்தும். ஜன்னல் கம்பிவலைக்குக் கொசுவலைத் துண்டு.

சூப்பர் க்ளூ வேகமாக ஒட்டும். ஆனால் அதன் ஆவி ஜன்னலில் வெள்ளையாகப் படியும், விரல் இடித்தாலே துப்பாக்கி ஒடிந்து வரும். இரண்டு பசையைக் கலந்து பூசும் ஐந்து நிமிட எபாக்ஸியே மேல். கூரையில் 1 மி.மீ. துளையிட்டுக் கம்பியை உள்ளே இறக்கி ஒட்டினால் கையோடு பெயர்ந்து வராது.

கடைசியாக ஓர் அச்சில் ஒரு சொட்டுப் பசை விடுங்கள். சக்கரம் தானாக உருண்டால், அளந்து நகர்த்திய இடத்தில் வண்டி நிற்காது.