ஜியோகேச்சிங்குக்குக் கையடக்க ஜிபிஎஸ் வாங்குமுன் படிங்க: கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தலையில் கட்டப்படும் கருவிகள்

கொங்குப் பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் "ஜிபிஎஸ் இருக்குங்களா?" என்று கேட்டாலும் "இருக்குங்க, உள்ள வாங்க" என்றுதான் பதில் வரும். வம்பு அங்கேதான் ஆரம்பம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கும் நாமக்கல் லாரிக்காரருக்கும் ஜிபிஎஸ் என்றால், வண்டி எங்கே நிற்கிறது என்று போனுக்குத் தகவல் அனுப்பும் சிம் போட்ட டப்பா. பொள்ளாச்சித் தோப்புக்காரருக்கு அது நிலம் அளக்கும் மீட்டர். கார் வைத்திருப்பவருக்கு டேஷ்போர்டில் வழி சொல்லும் திரை. விற்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத் தள்ளிவிடுவார்.

ஜியோகேச்சிங் என்ற டப்பா தேடும் விளையாட்டுக்கு வேண்டியது இவை எதுவும் இல்லை. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து அதன் கோஆர்டினேட்டை, அதாவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை, இணையத்தில் போடுகிறார். நீங்கள் அந்த எண்ணைக் கருவியில் ஏற்றி, தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறீர்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. மே 3 அன்றே அங்கே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் முதல் டப்பாவை வைத்துவிட்டார். ஆக, கருவிக்கு ஒரே தகுதிதான்: எண்ணை நீங்களே உள்ளே போட முடியணும், அது உங்களை அந்த இடத்துக்குக் கூட்டிப் போகணும். திறந்த வெளியில் இதைச் செய்து காட்டாத கருவிக்குக் காசு கொடுக்காதீங்க.

திருப்பூர்த் தம்பி ஒருவருக்கு நடந்ததைப் பாருங்க. கோவையில் ஒரு கடையில் "கையில பிடிக்கிற ஜிபிஎஸ்" கேட்டு வாங்கி வந்தார். வந்தது நிலம் அளக்கும் மீட்டர். வயலைச் சுற்றி நடந்தால் சென்ட்டிலும் ஏக்கரிலும் பரப்பு காட்டும், சேட்டிலைட் பிடிக்கும், இப்போது நிற்கும் இடத்தின் கோஆர்டினேட்டும் திரையில் வரும். இதைக் காட்டித்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் வேறொரு இடத்தின் எண்ணை உள்ளே போட அதில் வழியே கிடையாது. அம்புக்குறி இல்லை, இன்னும் எத்தனை மீட்டர் என்ற கணக்கு இல்லை, கோஆர்டினேட்டுகளை மொத்தமாக ஏற்றும் ஜிபிஎக்ஸ் ஃபைலும் ஏறாது. திருப்பிக் கொடுக்கப் போனால், "பாக்ஸ் பிரிச்சாச்சுங்க தம்பி, இனி கம்பெனி எடுக்காதுங்க" என்று முடித்துவிட்டார்கள். பில்லைப் பார்த்தால் "எலக்ட்ரானிக் ஐட்டம் - 1" என்று மட்டும் இருந்தது. மாடல் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்று நிரூபிக்கக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாமல் போனது இந்த ஒரு வரியால்தான்.

காட்டுக்குள் போய்த் திரும்பிவர வழி காட்டும் சின்ன உருண்டைக் கருவிகளும் இதே ரகம். நின்ற இடத்தை நினைவில் வைக்கும், அதுவும் நாலைந்து இடம்தான். வெளியிலிருந்து எண் வாங்காது.

இரண்டாவது கதை இன்னும் நுட்பமானது. ஈரோட்டில் ஒருவர் பழைய கருவி வாங்கினார். கார்மின் கம்பெனியின் கையடக்க ஜிபிஎஸ் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ், "அவ்வளவா யூஸ் பண்ணலைங்க" என்று விளம்பரம். கட்டடத்துக்குள், கான்கிரீட் கூரைக்குக் கீழேயே, சேட்டிலைட் கம்பிகள் எல்லாம் முழுசாக நின்றன. துல்லியம் 3 மீட்டர் என்று காட்டியது. அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் நல்ல கருவியே தடுமாறும். செட்டப், சிஸ்டம், சேட்டிலைட் சிஸ்டம் என்று போனால் அங்கே டெமோ மோட் என்று ஒன்று இருக்கிறது. ரிசீவரை அணைத்துவிட்டுப் பொய்யாக ஒரு இடத்தைக் காட்டும் வசதி. அதைப் போட்டுவிட்டு விற்றிருக்கிறார்கள். வெளியே கொண்டுவந்து டெமோவை எடுத்ததும் உண்மை தெரிந்தது.

முதல் விஷயம், அது 32எக்ஸே இல்லை, 22எக்ஸ். இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான். 32எக்ஸில் எலக்ட்ரானிக் காம்பஸும் காற்றழுத்த உயரமானியும் கூடுதல். ஸ்டிக்கரை நம்பாதீங்க. ஒரு வேபாயிண்டுக்கு (கருவியில் சேமித்த இடத்துக்கு) 'கோ' கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே உடம்பைச் சுற்றித் திரும்பிப் பாருங்க. காம்பஸ் இருந்தால் அம்பு கூடவே திரும்பி இலக்கையே காட்டும். இல்லாவிட்டால் நீங்கள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அம்புக்குத் திசை தெரியும். செட்டப்பில் அபவுட் பக்கத்தில் மாடலும் சாஃப்ட்வேர் எண்ணும் இருக்கும், அதையும் பார்த்துக்குங்க. காம்பஸ் இல்லாத கருவி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் கிளுவை வேலிக்கு இடுக்கில், ஒரு இட்டேரியில் கடைசிப் பத்து மீட்டர் தேடும்போது நடக்கவே இடம் இருக்காது. அப்போது அம்பு தட்டாமாலை சுற்றும்.

இரண்டாவது, எந்த இடத்துக்குப் போனாலும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளியே காட்டியது. விற்றவரிடம் கேட்டால், "இங்கல்லாம் சிக்னல் அப்படித்தானுங்க" என்றார். சுத்தப் பொய். சிக்னல் கோளாறு என்றால் பிழை அலையும். இப்போது கிழக்கே, பத்து நிமிஷம் கழித்து வடக்கே. எல்லா இடத்திலும் ஒரே திசையில் ஒரே தூரம் தள்ளினால் அது டேட்டம் கோளாறு. டேட்டம் என்பது பூமிக்கு எந்த உருவ அளவை வைத்து எண்ணைக் கணக்கிடுகிறோம் என்பது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் கோளம் என்ற பழைய பூமி அளவை வைத்து வரைந்தவை. நில அளவைக்காரர் யாரோ அந்த வரைபடத்துக்குத் தோதாக 'இந்தியன்' என்று தொடங்கும் பழைய டேட்டத்தை வைத்துவிட்டு அப்படியே விற்றிருக்கிறார். செட்டப்பில் பொசிஷன் ஃபார்மட் போய் மேப் டேட்டத்தை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. இதற்கு "சர்வீஸ் சார்ஜ்" கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அதே பக்கத்தில்தான் இன்னொரு கண்ணி. ஜியோகேச்சிங்கில் எண் எழுதும் முறை பாகை, நிமிஷம், நிமிஷத்தின் தசமம். கூகுள் மேப்பில் விரலை அழுத்திப் பிடித்தால் வருவதோ தசமப் பாகை. கோவை நகருக்கு 11.01680, 76.95580 என்று வந்தால், புள்ளிக்குப் பின் இருப்பதை 60ஆல் பெருக்கணும்: 11° 01.008', 76° 57.348'. இந்த 76° 57.348' என்பதை யாராவது 76.57348 என்று தட்டினால் 40 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, பாலக்காடு மாவட்டத்துக்குள் போய்விடுவீர்கள். இது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். 76° 57' 34.8" என்று பாகை, நிமிஷம், விநாடியாகத் தட்டினால் பிழை சுமார் 420 மீட்டர்தான்; தெரியவே தெரியாது, நாள் முழுக்கப் புதரைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். அளவுக்கு ஒரு பிடி வேண்டுமென்றால்: நிமிஷத்தின் ஆயிரத்தில் ஒன்று நம்ம ஊரில் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இனி, பழைய கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. திறந்த மைதானத்தில்தான் பார்க்கணும், கடைத் திண்ணையில் இல்லை. நீண்ட நாள் அணைந்து கிடந்த கருவி என்றால் இருபது நிமிஷம் ஒதுக்குங்க. எல்லா சேட்டிலைட்டுகளின் அட்டவணை முழுசாக இறங்கவே 12.5 நிமிஷம் பிடிக்கும். அதற்குள் "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டவும் வேண்டாம், "அப்புறம் வந்துரும், காசக் குடுங்க" என்றால் நம்பவும் வேண்டாம். பிறகு தேதியைப் பாருங்க. ஜிபிஎஸ் சிக்னலில் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6. சாஃப்ட்வேர் அப்டேட் நின்றுபோன பழைய கருவி அதற்குப் பிறகு ஏறக்குறைய 19 வருஷம் 7 மாசம் முந்தைய தேதியைக் காட்டும். அம்பு பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும், ஆனால் ட்ராக் நேரமெல்லாம் தப்பாகப் பதியும். விலை பேச இது நல்ல பிடி. ரஷ்ய சேட்டிலைட் அமைப்பான க்ளோனாஸ் உண்டு என்று சொன்னால் சேட்டிலைட் பக்கத்தில் 65க்கு மேற்பட்ட எண்கள் வரணும். "நேவிக் சப்போர்ட்" என்று தனியாக ஒட்டிய ஸ்டிக்கர் ஈட்ரெக்ஸ் 10, 22எக்ஸில் தெரிந்தால் விற்பவரின் மற்ற பேச்சையும் அதே தராசில் போடுங்க. நேவிக் என்பது நம்ம நாட்டு சேட்டிலைட் அமைப்பு; நெடுநாள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே இருந்தது, இந்தக் கருவிகள் பிடிப்பதோ எல்1. எல்1 வந்ததே 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 சேட்டிலைட்டில்தான்.

பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்க. பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஸ்பிரிங்கே அரித்து மெலிந்திருந்தால் வேண்டாம். சுற்றிலும் உள்ள ரப்பர்ப் பட்டை பழைய ஈட்ரெக்ஸ்களில் பசை விட்டுக் கழன்று வரும். பட்டை கழன்றதில் "வாட்டர் ப்ரூஃப்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புத் தரமே 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம்தான், நொய்யலில் விட்டுவிட்டு மறுநாள் எடுப்பதற்கு இல்லை. யூஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால் பென்டிரைவ் மாதிரி 'கார்மின்' என்று வரணும். வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்க. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளால் நல்ல கருவியைப் பழுது என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

"முழு இந்தியா மேப் ஏத்தித் தர்றோம்" என்று தனியாகப் பணம் கேட்பார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து செய்த கார்மின் வரைபடங்கள் இலவசம். ஈட்ரெக்ஸ் 10இலும் எஸ்இயிலும் விரிவான மேப் ஏற்றவே முடியாது, அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்!

சரி, எதைத்தான் வாங்குவது? முதலில் எதையும் வாங்காதீங்க. ஆண்ட்ராய்டு போனில் சி:ஜியோ ஆப் இலவசம். இரண்டு மூன்று கேச், அதாவது ஒளித்த டப்பா, அதில் தேடிப் பாருங்க. பிடித்திருந்து, போன் சார்ஜும் மழையும் தொல்லை என்று பட்டால், புதிதாக வாங்க ஈட்ரெக்ஸ் எஸ்இ போதும். 2023இல் வந்தது, அப்போது அமெரிக்க விலை 150 டாலர், இரண்டு ஏஏ பேட்டரி, கருப்பு-வெள்ளைத் திரை, காம்பஸ் உண்டு, போனோடு இணைந்து கேச் விவரத்தை இறக்கிக்கொள்ளும். மேப் வேண்டும் என்பவர்களுக்கு 22எக்ஸ்: கலர் திரை, மெமரி கார்டு, ஏஏ இரண்டில் 25 மணி நேரம். பழசில் தேறுவது மஞ்சள் ஈட்ரெக்ஸ் 10. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் செட்டப்பில் பேட்டரி வகையை என்ஐஎம்எச் என்று மாற்றணும், இல்லாவிட்டால் சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துபோனதாகக் கதறும். 3 மீட்டர் என்று திரை சொன்னாலும் தென்னந்தோப்புக்குள்ளும் பாறைக் கரட்டோரமும் 10 மீட்டர் தள்ளிப் போவது சகஜம். இந்த மாதிரிக் கையடக்கக் கருவியில் சென்டிமீட்டர் கணக்குப் பேசுபவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கார்மின் இன்ரீச் என்று வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது "இதுவும் ஜிபிஎஸ்தானுங்க, மெசேஜும் போகும்" என்று மலிவாக வரும். சாதாரண ஜிபிஎஸ் கருவி சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். இன்ரீச் இரிடியம் சேட்டிலைட்டுக்குத் தகவல் அனுப்பும். இந்தியாவில் அதை வைத்திருக்கத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி வேண்டும். விமான நிலையங்களில் இதை வைத்திருந்த பயணிகள் பிடிபட்டு வழக்கு வரை போயிருக்கிறது. முதலில் மாட்டுவது கையில் வைத்திருப்பவர்தான்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது நான்கையும் முதலில் ஒன்று சேருங்க. கடைக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்பிவிட்டு 1915க்குக் கூப்பிடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போடணும், ஆன்லைனிலேயே போடலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாதவர் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. இனிமேல் வாங்குபவர்கள் பில்லில் மாடல் பெயர், சீரியல் நம்பர், கடையின் ஜிஎஸ்டி எண் மூன்றும் எழுதி வாங்குங்க. "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம கடைதானே" என்று இழுத்தால் எடுத்த பர்ஸை அப்படியே பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்க.