அம்மா காலில் வைத்த தாள்

எந்த மிருகம் என்று கேட்டதற்கு ஒன்றரை மணி நேரம் பதில் வரவில்லை.

அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். உள்ளங்காலில் ஐம்பது சென் காசு அளவு புண், நாலு மாதமாக ஆறவில்லை. மெல்பர்னிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கிய மூன்றாம் நாளே ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். புண்ணின் மேல் ஒரு தாள் வைக்கலாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஃபாரத்தில் 'ஹைவான்' என்று மட்டும் இருந்தது. மிருகம், சரி. ஆடா, மாடா? கவுன்டர் பெண் நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் சுவரைப் பார்த்தாள். "மிருகத்துலேர்ந்து எடுத்தது, அண்ணே" என்று கவுன்டர் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். மெல்பர்னில் ஒரு ஊசிக்கே மூன்று பக்கம் அச்சடித்துக் கையில் திணிப்பார்கள், நான் படிப்பதே இல்லை. இங்கே ஒரே ஒரு சொல்லுக்குத் தவம் கிடந்தேன். பன்றியை 'கின்ஸிர்' என்று மலாயில் மரியாதையாகவே அச்சடித்திருக்கலாமே!

கடைசியில் டாக்டர் வந்தார். சீன இளைஞர். ஃபாரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார். பன்றியின் சிறுகுடல். உள்பக்கச் சவ்வையும் வெளிப்பக்கத் தசையையும் வழித்தெடுத்தால் நடுவில் மெல்லிய அடுக்கு ஒன்று மிஞ்சும். அதிலுள்ள பன்றியின் செல்களையும் கழுவி நீக்கிவிடுவார்கள். மிச்சம் கொலாஜன் என்ற புரதத்தாலான சட்டகம்தான். வீடு கட்டச் சாரம் கட்டுவதுபோல என்றார். அம்மாவின் செல்கள் அதில் ஏறிச் சதை கட்டும், சாரம் மெல்லக் கரைந்துவிடும். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நாயின் ரத்தக்குழாய்க்குப் பதிலாகக் குடலை வைத்துப் பார்த்ததில் தொடங்கியதாம். இப்போது குடலிறக்க அறுவையிலும் வைத்துத் தைக்கிறார்கள். இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தவரை ஏன் உள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள்?

அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"பன்னியா? இதுக்கா இந்தப் பாடு? தோட்டத்துல காட்டுப்பன்னி அடிச்சா லயத்துக்கே பங்கு வருமே. மாடுன்னாதான் வேணாம்னு சொல்லிருப்பேன்."

காய்ந்த தாளை உப்புநீரில் நனைத்துப் புண்ணில் பரப்பிக் கட்டுப்போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டணத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

திரும்பி வரும்போது காரில் அம்மாவுக்குப் பழைய நினைப்பு. "நீ பொறந்தப்போ தோட்டத்து ஆஸ்பத்திரில தையல் போட்டாங்க. நூலைப் பிரிக்கவே இல்ல, தானா கரைஞ்சு போச்சு. அந்தக் காலத்து வைத்தியம்!"

கேட்கட் நூல். ஆட்டுக் குடலிலும் செய்வார்கள், மாட்டுக் குடலிலும் செய்வார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.