பிராம் இரவு: பள்ளியின் விடிய விடிய விருந்தா, நண்பர் வீடா?

அமெரிக்காவில் பிராம் நடனம், அதாவது உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆண்டிறுதி நடன விழா, பெரும்பாலும் நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். பெற்றோரின் கவலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்: மீதி இரவைப் பிள்ளைகள் பள்ளி நடத்தும் விருந்தில் கழிப்பதா, நண்பர் வீட்டிலா?

கண்காணிப்பு
பள்ளி: உள்ளே போனால் விடியும்வரை உள்ளேதான். நடுவில் கிளம்பினால் வீட்டுக்கு ஃபோன் போகும், திரும்பி வர முடியாது. பெரிய பரிசுகளுக்கான குலுக்கலைக் கடைசியில் வைப்பார்கள். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். 1980இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய ‘பிராஜெக்ட் கிராஜுவேஷன்’ என்ற மதுவில்லாத பட்டமளிப்பு இரவு விருந்துகளும் இதே வழிதான்.
வீடு: எல்லாம் அந்த வீட்டுப் பெரியவர்கள் கையில். “இரவு முழுக்க விழித்திருப்பீர்களா? மது பாட்டில்களைப் பூட்டிவிட்டீர்களா?” என்று நேராகவே கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

சட்டம்
பள்ளி: சிக்கல் இல்லை.
வீடு: குடிக்கும் வயது 21. “நம் கண்முன்னால்தானே குடிக்கிறார்கள்” என்று பிறர் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தால் பல மாநிலங்களில் வழக்கு பாயும். எனக்கு அந்த வாதமே ஏற்புடையதல்ல.

செலவு
பள்ளி: நுழைவுச்சீட்டு.
வீடு: பீட்சா, காலை உணவு.

திரும்பும் பயணம்
பள்ளி: குடிக்காவிட்டாலும் அதிகாலை ஐந்து மணித் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது ஆபத்து. நீங்களே போய் அழைத்து வாருங்கள்.
வீடு: கார் சாவிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டால் அங்கேயே தூங்கலாம்.

பெரிய கூட்டம், பழக்கமில்லாத வீடு என்றால் பள்ளிதான், யோசிக்கவே வேண்டாம். நன்கு தெரிந்த குடும்பம், ஐந்தாறு நண்பர்கள் என்றால் வீடு சரி. எதுவானாலும் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள்: “எத்தனை மணியானாலும் கூப்பிடு, வந்து கூட்டிப் போகிறேன். கேள்வியெல்லாம் நாளைக்கு.”