நூறு மில்லி பாட்டிலில் காட்டிய மைலேஜ்: பெங்களூரில் நான் ஏமாந்த விதம்

பெங்களூரில் இரு சக்கர வாகனத்தில் வேலைக்குப் போய் வரும் தமிழ் நண்பர்கள் ஒருவரேனும் என்னைப் போல ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். 'மைலேஜ் கிட்' பொருத்தித் தருவதாகச் சொல்லி ஒரு கடையில் என்னிடம் 2,850 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதோடு நிற்காமல், எட்டு ஆண்டுகளாக ஒரு நாளும் வழியில் நிற்காத வண்டியின் எஞ்சினே பழுதாகும் நிலைக்கு வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் இடத்தையும் எழுதவில்லை. ஆனால் அவர்கள் நடத்திக் காட்டிய சோதனையை ஒளிவுமறைவின்றி விவரிக்கிறேன். அவர்களுடைய பேச்சை நான் அவ்வளவாக நம்பவில்லை. கண்ணெதிரே நடந்த அந்தச் சோதனையை முழுதாக நம்பினேன்.

என்னுடையது 2017-இல் வாங்கிய 97.2 சிசி ஸ்பிளெண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர் உள்ள வண்டி. அல்சூரிலிருந்து ஜெயமகால், மேக்ரி சர்க்கிள், யஷ்வந்த்பூர் வழியாகப் பீனியாவுக்குப் போய்த் திரும்ப நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் டேங்கை ஒரே அளவுக்கு நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் போட்ட லிட்டரையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவைப்பது என் பழக்கம். சென்ற முறை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை இம்முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைத்துவிடும். பல ஆண்டுகளாக அந்த நோட்டில் 62-ஐ ஒட்டியே இருந்த எண், 2025-இன் தொடக்கத்திலிருந்து மெல்ல இறங்கி, ஜூலையில் 53-க்கு வந்து நின்றது. அப்போது லிட்டர் 102 ரூபாயைத் தாண்டியிருந்த ஊரில் இந்த இறக்கம் யாரையும் உறுத்தும்.

அந்தச் சமயத்தில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றித்தான் எங்கும் பேச்சாக இருந்தது. நானும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டியிருந்தேன். வேலை முடிந்து திரும்பும் வழியில் 'எத்தனாலால் குறைந்த மைலேஜை மீட்டுத் தருகிறோம்' என்று எழுதிய பலகையைப் பார்த்து ஒரு கடையில் நிறுத்தினேன். என் கன்னடத்தைக் கேட்ட மாத்திரத்தில் கடைக்காரர் தமிழுக்கு மாறி, "நீங்க கிருஷ்ணகிரியா தம்பி? நமக்கு பர்கூர் பக்கம்தான்" என்றார். ஊர்க்காரர் என்று தெரிந்ததும் நான் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியைக் கேட்காமல் விட்டேன் என்பதை இப்போது வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் சொன்னவை அத்தனையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, கார்புரேட்டர் தேவைக்குச் சற்று அதிகமாகப் பெட்ரோல் விடும், ஆகவே அதைக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். முதல் பாதி உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டே மற்றவற்றையும் ஏற்க வைத்தார். பெட்ரோல் குழாயின் மேல் கவ்வும் இரண்டு காந்தங்களுக்கு 1,450 ரூபாய், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சிறிய துளையுள்ளதாக மாற்ற 600, டியூனிங் கூலி 400, டேங்கில் ஊற்றும் ஒரு மருந்து பாட்டிலுக்கு 400 என்று கணக்குப் போட்டு, லிட்டருக்கு 75 கிலோமீட்டர் உறுதி என்றார். நான் தயங்கியபோது, "காசு கொடுக்க வேணாம், முதல்ல உங்க கண்ணால பாருங்க" என்று சோதனைக்கு அழைத்தார்.

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் சரியாக 100 மில்லி பெட்ரோல் ஊற்றி, அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டு கார்புரேட்டரோடு இணைத்தார்கள். அதற்கு முன் கடைப் பையன் கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து, அதன் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் இருந்த பழைய பெட்ரோலை ஒரு துளி விடாமல் வடித்தான். "பழசு இருந்தா கணக்கு தப்பாயிடும் சார்" என்று அவன் சொன்னபோது, இவ்வளவு நேர்மையாகச் செய்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. பையன் ஓட்ட, நான் பின்னால் அமர்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன். வண்டி 5 கிலோமீட்டரில் நின்றது. அதாவது லிட்டருக்கு 50. என் நோட்டில் இருந்த எண்ணுக்கு இது பக்கத்தில் இருந்ததால் சோதனையின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பிறகு காந்தத்தை மாட்டி, ஜெட்டை மாற்றி, மெதுவோட்டத்துக்கான கலவையை அளவிடும் பைலட் ஸ்க்ரூவைத் திருகி, டேங்குக் குழாயை மீண்டும் இணைத்து எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது நேரம் சரிபார்த்தார்கள். அதன் பின் குழாயை மாற்றி அதே பாட்டிலில் மறுபடி 100 மில்லி ஊற்றினார்கள். கடைக்காரர் எனக்கு டீ வரவழைத்து, ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டிருக்க, பையன் தனியாகப் போய் வந்தான். மீட்டரில் 7 கிலோமீட்டர் கூடியிருந்தது. லிட்டருக்கு 70, ஓட ஓட 75 வரும் என்றார்கள். நான் யுபிஐயில் பணம் அனுப்பினேன். ரசீது என்று கிடைத்தது, கடையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'சர்வீஸ் 2850' என்று மட்டும் எழுதியிருந்தது.

மறுநாள் காலையே தொல்லை தொடங்கியது. பெட்ரோல் கலவையை அடர்த்தியாக்கும் சோக்கை இழுக்காமல் குளிர்ந்த எஞ்சின் தொடர்ந்து ஓடவில்லை; சோக்கைப் பாதி இழுத்தபடியே ஜெயமகால் ரோடு வரை ஓட்ட வேண்டியிருந்தது. ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது. கோரகுண்டேபாளையா சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் சூடு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் காலில் அடித்தது. மேம்பாலம் ஏறும்போது இழுவை போதாமல், முன்பு நான்காம் கியரில் ஏறிய இடத்தில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டி வந்தது. இரண்டு முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். முதலில் 51, அடுத்து 49.

கடைக்குப் போனேன். முதல் முறை, எஞ்சின் புதிய அமைப்புக்குப் பழக 1,000 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றார். இரண்டாம் முறை, நான் போடும் பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறது, கலப்படமும் இருக்கும் என்றார். அதையும் விடாமல் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். நான் வழக்கமாகப் போடும் பங்கில் கேட்டபோது முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார்கள்; அளவு அந்த வரம்புக்குள்தான் இருந்தது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். கறை இல்லாமல் ஆவியாகியது. இதைச் சொன்ன பிறகு, மூன்றாம் முறை, "வேற யாரோ கை வெச்சிருக்காங்க, இனி கேரண்டி கிடையாது" என்று ஊர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிட் பொருத்தியதிலிருந்து அதுவரை வேறு யாரும் அந்த வண்டியைத் தொட்டிருக்கவில்லை.

அதன் பிறகுதான் மர்ஃபி டவுனில் முப்பது வருடங்களாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எதையும் கேட்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இளம் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. "பெட்ரோல் பத்தாம எரியுது தம்பி. இப்படியே ஆறு மாசம் ஓட்டினா வால்வு போயிடும்" என்றார். அடுத்து வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். தாராளமாகப் பல சுற்று சுற்ற வேண்டிய சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பின் பிரேக்கை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருந்ததால், நான் மிதிக்காதபோதும் பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. செயின் எண்ணெய் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. ஏர் ஃபில்டர், பீனியாவின் தூசியால் அடைபட்டிருந்தது. பின் டயரில் காற்று, செயின் கவர் ஸ்டிக்கரில் குறித்ததைவிட மிகக் குறைவு. 62 ஏன் 53 ஆனது என்பதற்கான விடை இவை நான்கிலும் இருந்தது. கடைக்காரர் இவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

பாட்டில் சோதனையைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாவது தடவை கிண்ணத்தை வடிச்சாங்களா?" என்பதுதான். வடிக்கவில்லை. அவர் என் கார்புரேட்டரின் கிண்ணத்தை ஒரு அளவுக் குப்பியில் வடித்துக் காட்டினார். ஏறக்குறைய 20 மில்லி இருந்தது. முதல் ஓட்டத்தில் காலியான கிண்ணத்தை நிரப்பவே பாட்டிலிலிருந்து அந்த 20 மில்லி போயிற்று. இரண்டாம் ஓட்டத்திலோ, டியூனிங் செய்தபோது டேங்கிலிருந்து நிரம்பிய கிண்ணம் அப்படியே இருந்தது. அதாவது 100 மில்லி என்ற பெயரில் வண்டிக்கு 120 மில்லி கிடைத்தது. லிட்டருக்கு 60 ஓடும் வண்டிக்கு 20 மில்லி என்பது 1.2 கிலோமீட்டர். கூடிய 2 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிட்டது. முதல் ஓட்டத்தில் என் எடையும் பின்னால் இருந்தது, இரண்டாவதில் பையன் நெரிசலில்லாத சாலையாகப் பார்த்து டாப் கியரில் நிதானமாக ஓட்டியிருப்பான் என்பதைச் சேர்த்தால் மீதியும் தீர்ந்துவிடும். நேர்மை என்று நான் வியந்த அந்த வடித்தல்தான் மோசடியின் அச்சாணி.

எத்தனாலைக் காரணம் காட்டி ஜெட்டைச் சிறிதாக்குவது ஏன் தலைகீழான வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலப்பில்லாத பெட்ரோல் எரிய அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று தேவை. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 மடங்கு போதும்; அதாவது அதே அளவு காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. சென்சார் உள்ள ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டி இதை உணர்ந்து கூடுதலாகப் பெட்ரோல் விடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். எனவே கடைக்காரர் சொன்ன உயரக் கணக்கை எத்தனாலே பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. அதற்கு மேலும் பெட்ரோலைக் குறைத்ததால்தான் இழுவை போய், சூடு ஏறி, சைலன்சர் வெடித்து, நான் சோக்கோடு ஓட்டி இன்னும் அதிகமாகப் பெட்ரோலைச் செலவழித்தேன். எத்தனால் மைலேஜைக் குறைக்கும் என்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. மத்திய அரசின் கொள்கை அமைப்பான நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையில், பழைய இரு சக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 62-இல் 4 சதவீதம் போனால் 59.5 மிஞ்ச வேண்டும். 53 என்ற எண்ணைப் பார்த்தபோதே வேறு பழுது இருக்கிறது என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

காந்தத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பெட்ரோலைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஒழுங்கான எஞ்சினில் உள்ளே போகும் பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடுகிறது. இழப்பு பெரும்பாலும் வெப்பமாகத்தான் போகிறது, அதைக் குழாயின் மேல் கவ்வும் எந்தப் பொருளாலும் மீட்க முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக விற்கப்படும் 100-க்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க பலன் தரும் ஒன்றையும் காணவில்லை. அந்த 75 உண்மையாகவே வந்திருந்தாலும், மாதம் 780 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு மிச்சமாவது சுமார் 445 ரூபாய்தான். போட்ட பணம் திரும்பவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் பணம் அனுப்புவதற்கு முன் போடாதது என் தவறு.

அண்ணன் ஜே.சி. ரோட்டிலிருந்து பழைய அளவு ஜெட்டை வாங்கிப் பொருத்தி, பைலட் ஸ்க்ரூவைச் சரிசெய்து, பிரேக்கைத் தளர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஏர் ஃபில்டரை மாற்றி, டயருக்குக் காற்றடித்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து 640 ரூபாய் வாங்கினார். காந்தங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். அடுத்த மூன்று டேங்குகளில் என் நோட்டில் பதிவானவை 59, 60, 60.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அப்போது எனக்கு இருந்த பெரிய இடையூறு அந்தத் துண்டுச் சீட்டுதான். பணம் கடையின் பெயருக்குப் போகாமல் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போயிருந்தது. நல்வேளையாக, பலகையை அன்று கைபேசியில் படமெடுத்திருந்தேன். யுபிஐ பதிவில் தேதியும் தொகையும் இருந்தன. நோட்டில் முன்பும் பின்பும் உள்ள எண்கள் வரிசையாக இருந்தன. சென்ற வாரம் கடைக்காரர் அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றால் 1,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். முழுத் தொகையையும் வங்கி வழியாகத் திருப்பினால் மட்டுமே பேசலாம் என்று எழுத்தில் பதில் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தச் சிறிய தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இதே பாட்டில் சோதனையைக் காட்டி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், கழற்றிய காந்தத்தையும் சிறிய ஜெட்டையும் தூக்கி எறியாதீர்கள். என்னுடையவை ஒரு உறையில் தேதி எழுதி அந்த நோட்டோடு வைக்கப்பட்டிருக்கின்றன.