ராஜஸ்தான் குழுச் சுற்றுலா: கோட்டைக்கு அவசரம், கடைக்கு நிதானம்

ஜெய்ப்பூரில் தொடங்கி ஜோத்பூர், ராணக்பூர் வழியாக உதய்ப்பூரில் முடியும் குழுச் சுற்றுலாவுக்கு அம்மாவுடன் போயிருந்தேன். பஸ்ஸிலும் சைவச் சாப்பாட்டிலும் குறையில்லை. கேட்டவர்களுக்குத் தயிர்சாதம்கூடக் கிடைத்தது.

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்காகவே பணம் கட்டலாம். 1459இல் ராவ் ஜோதா தொடங்கிய கோட்டை இது. வாயிலருகே பீரங்கிக் குண்டு பட்ட தழும்புகள் இன்றும் தெரிகின்றன. முழங்கால் வலிக்காரர்கள் அஞ்ச வேண்டாம். தனிக் கட்டணத்தில் லிஃப்ட் உண்டு. எனக்கு முன்பே அம்மா மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்!

ராணக்பூர் சமணக் கோயிலின் பளிங்குத் தூண்கள் 1,444 என்கிறார்கள்; ஒன்றைப் போல் மற்றொன்று இல்லையாம். சுற்றுலாப் பயணிகளுக்கு நண்பகலில்தான் அனுமதி தொடங்கும். தோல் பெல்ட்டுக்கு அனுமதியில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டி கைதட்டிக் கிளப்பிவிட்டார்.

ஜெய்ப்பூரிலோ ஒரு கம்பளக் கடையில் தேநீர் கொடுத்து அரைநாள் உட்கார வைத்தார்கள். கமிஷன் யாருக்கு என்பது சொல்லாமலே புரியும். 953 ஜன்னல்கள் கொண்ட ஹவா மஹாலை, பஸ்ஸின் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

முன்பணம் கட்டுமுன், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம், வழியில் எத்தனை கடைகள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.