வைப்போவில் டொமைன் புகார்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

நம் பிராண்டு பெயரை யாரோ டாட் காமில் வாங்கிப் போட்டுவிட்டு, "வேண்டுமானால் விலை பேசலாம்" என்று மெயில் அனுப்புவார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் எந்த நாட்டுக் கோர்ட் என்பதே தலைவலி. ரெஜிஸ்ட்ரார் (டொமைனை, அதாவது இணையதள முகவரியை, பதிவு செய்து கொடுக்கும் கம்பெனி) ஒரு நாட்டில், வாங்கியவர் இன்னொரு நாட்டில், அவர் யார் என்பதும் 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஹூஇஸ் தேடலில் (டொமைன் யாருடையது என்று பார்க்கும் பொதுத் தேடல்) பெரும்பாலும் தெரிவதில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகவே இருப்பதுதான் உலக அறிவுசார் சொத்து அமைப்பு, அதாவது வைப்போ, நடத்தும் டொமைன் தகராறு சேவை. அலுவலக வேலையாக இதில் புகார் போட்டு டொமைனை மீட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்பட்டமான பெயர்த் திருட்டு என்றால் யோசிக்காமல் போங்கள், மற்றதற்கெல்லாம் காசை மிச்சம் பிடியுங்கள்.

இதன் அடிப்படை, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு விதி. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் எது வாங்கினாலும் இந்த விதிக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறோம் (யார் படிக்கிறார்கள்!). அதனால்தான் எதிராளி எந்த நாட்டில் இருந்தாலும் இது செல்லும். நாட்டுக்குறி டொமைன்களில் (டாட் இன் போன்றவை) சிலவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும், மற்றவற்றுக்குத் தனி விதி, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முதல் ஐந்து டொமைன் வரை, ஒரே நடுவர் என்றால் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். மூன்று நடுவர் கேட்டால் 4,000. வக்கீல் கட்டாயமில்லை, எல்லாமே மெயிலிலும் இணையத்திலும் முடிந்துவிடும், நேரில் விசாரணை என்று வழக்கமாக எதுவும் கிடையாது. பொதுவாக இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. ஜெயித்தாலும் கட்டிய பணம் திரும்பாது, நஷ்ட ஈடும் கிடையாது. டொமைனை நம் பெயருக்கு மாற்றுவார்கள், அல்லது ரத்து செய்வார்கள், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது பூட்டுப் போடும் முறை. புகார் போன கையோடு வைப்போ ரெஜிஸ்ட்ராரிடம் விவரம் கேட்கிறது, அவர்கள் இரண்டு வேலை நாளுக்குள் டொமைனைப் பூட்டியாக வேண்டும். எதிராளிக்கு அதுவரை தகவல் போகாது என்பதால் வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஓட முடியாது. மறைந்திருந்த ஆளின் பெயரும் முகவரியும் அப்போதுதான் நம் மெயிலுக்கு வரும், அதை வைத்துப் புகாரைத் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பெயர் போலியாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், அதுவே நமக்கு ஒரு சாட்சி. மோசடி ஆள் என்று தெரிந்தால் முன்கூட்டியே எச்சரிக்கை நோட்டீஸ் விடாதீர்கள், உஷார்ப்படுத்தியதுதான் மிச்சமாகும்.

எரிச்சல் மூட்டியது மொழி விஷயம். நடவடிக்கை எந்த மொழி என்றால், அந்த டொமைனின் பதிவு ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அது. ரெஜிஸ்ட்ரார் சீன மொழியில் ஒப்பந்தம் வைத்திருந்தால் புகாரும் சீனத்தில், இல்லையென்றால் வேறு மொழியில் நடத்தக் காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், முடிவு நடுவர் கையில். அந்தத் தளத்தில் ஆங்கிலத்தில் விளம்பரம் ஓடுகிறது, ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினார் என்று தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் இதற்கு உதவும்.

புகாரில் நிரூபிக்க வேண்டியவை மூன்று: டொமைன் நம் டிரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவும் செய்து பயன்படுத்தியும் வருகிறார். இந்த மூன்றாவதில்தான் பலர் விழுகிறார்கள், ஏனென்றால் பதிவு, பயன்பாடு இரண்டிலும் கெட்ட எண்ணம் வேண்டும். நம் பிராண்டு பிறப்பதற்கு முன்பே ஒருவர் அந்தப் பெயரை வாங்கியிருந்தால், இப்போது அவர் எவ்வளவு விலை கேட்டாலும் சாதாரணமாக ஜெயிக்க முடியாது. வலுக்கட்டாயமாகப் புகார் போட்டால் "தலைகீழ் டொமைன் பறிப்பு" (புகார் முறையைத் தவறாகப் பயன்படுத்தி அடுத்தவர் டொமைனைப் பறிக்கப் பார்த்தது) என்று நடுவர் எழுதிவிடலாம், தீர்ப்புகள் எல்லாம் பொதுவில் வெளியாகும் என்பதால் கம்பெனி பெயரோடு அது காலத்துக்கும் கிடக்கும். தளம் காலியாக இருந்தாலும் ஜெயிக்க வழி உண்டு. 2000இல் ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு கம்பெனியான டெல்ஸ்ட்ராவின் வழக்கில், சும்மா வைத்திருப்பதும் சூழ்நிலையைப் பொறுத்துக் கெட்ட பயன்பாடுதான் என்று சொல்லிவிட்டார்கள், இன்றுவரை அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். காலித் தளமாக இருந்தாலும் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வருக்குப் போகும் என்ற பட்டியல்) எம்எக்ஸ் பதிவு, அதாவது மெயில் சர்வர் குறிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த டொமைனில் மெயில் வாங்க ஏற்பாடு செய்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஆனால் அந்த மெயிலில் ஏற்கெனவே போலி இன்வாய்ஸ் பறந்துகொண்டிருக்கிறது என்றால் இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. ரெஜிஸ்ட்ராரிடம் உடனே மோசடிப் புகார் கொடுங்கள், 2024 ஏப்ரலிலிருந்து ஐகான் ஒப்பந்தப்படி தகுந்த ஆதாரம் கொடுத்தால் அவர்கள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். படத்தையோ கட்டுரையையோ திருடினார்கள் என்றால் அது பதிப்புரிமைப் (காப்பிரைட்) பிரச்சினை, ஹோஸ்டிங் கம்பெனிக்கு நீக்கச் சொல்லி நோட்டீஸ் விடுவதுதான் வழி, வைப்போவின் இந்தச் சேவைக்கு இதில் வேலையே இல்லை. பழைய பார்ட்னரோடும் டீலரோடும் உள்ள ஒப்பந்தச் சண்டையைக் கொண்டுபோனாலும் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம்.

பணம் கட்டாமலே கிடைக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய தீர்ப்புகளையெல்லாம் அலசி, கேள்வி பதில் மாதிரி "ஓவர்வ்யூ" என்று ஒரு தொகுப்பை வைப்போ தன் தளத்தில் போட்டிருக்கிறது. தளம் பார்க்க அழகில்லை, ஆனால் விஷயம் கனமானது. கட்டணம் கட்டும் முன் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள், ஜெயிப்போமா தோற்போமா என்று உங்களுக்கே ஓரளவு தெரிந்துவிடும்.

அப்புறம், தீர்ப்பு வந்த அன்றே டொமைன் கைக்கு வராது. எதிராளி கோர்ட்டுக்குப் போக பத்து வேலை நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகுதான் ரெஜிஸ்ட்ரார் மாற்றுவார். பெரும்பாலும் அதே ரெஜிஸ்ட்ராரிடம் கணக்கு திறக்கச் சொல்வார்கள், அந்த வேலையைக் காத்திருக்கும் நாட்களிலேயே முடித்து வையுங்கள்.